எதிர் இருக்கையில் ஒருவர்

சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஏ.ஜே. அயர். 1936இல், இருபத்தைந்து வயதில், ‘மொழி, உண்மை, தர்க்கம்’ என்ற புத்தகத்தை எழுதி ஆங்கிலத் தத்துவ உலகைக் கலக்கியவர். சோதித்துப் பார்க்க வழியே இல்லாத கூற்றுக்குப் பொருளும் இல்லை என்றவர். கடவுள் இருக்கிறார் என்பது மட்டுமல்ல, இல்லை என்பதும் வெற்றுச் சொல்தான் என்று வாதாடியவர். இன்னொருவர் பிரையன் மகீ. லாஜிக்கல் பாசிட்டிவிசம் என்ற அந்த இயக்கத்தின் கதை முழுவதையும் அயரின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, கடைசியில் கேட்கிறார்: இப்போது திரும்பிப் பார்க்கையில் அதன் பெரிய குறைகள் என்னென்ன? அயர் தயங்கவில்லை. அதில் ஏறக்குறைய எல்லாமே தவறு என்பதுதான் பெரிய குறை என்கிறார்.

1978இல் பிபிசி 2 ஒளிபரப்பிய ‘மென் ஆஃப் ஐடியாஸ்’ தொடரில் வரும் காட்சி இது. இன்றும் இணையத்தில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லாரும் வெட்டிப் பகிர்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த நிமிடங்களில்தான் மகீயின் திறமை இருக்கிறது. அந்தப் பதிலோடு சிரித்துவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. எது தவறு, எப்படித் தவறு என்று குடைகிறார். சோதித்தறியும் விதியைக் கடைசிவரை யாராலும் ஓட்டையில்லாமல் எழுத முடியவில்லை, கடந்த காலத்தைப் பற்றியும் பிறர் மனத்தைப் பற்றியும் நாம் சொல்பவற்றை அந்த விதிக்குள் அடக்க முடியவில்லை என்று அயர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறார். அந்த அணுகுமுறை மட்டும் இன்னமும் சரி என்றே நினைப்பதாகவும் சொல்கிறார். தத்துவத்தில் ஒரு கொள்கை எப்படித் தோற்கிறது, தோற்ற பின்னும் அதில் எது மிஞ்சுகிறது என்பதை நிகழ்ச்சி பார்க்கும் ஒரு பள்ளி ஆசிரியரோ மளிகைக்கடைக்காரரோ கண்ணெதிரே காண்கிறார்.

பொது வாசகருக்குத் தத்துவம் சொல்பவர்கள் மீது துறைக்காரர்களுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. நீர் விட்டுக் கலக்குகிறார்கள் என்பார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வில் டுராண்ட் 1926இல் வெளியிட்ட ‘தத்துவத்தின் கதை’யை எடுத்துக்கொள்ளலாம். கான்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரிலிருந்து ஐந்து சென்ட் விலையில் வந்த குட்டி நீலப் புத்தகங்களாகத் தொடங்கி, பிறகு ஒரே தொகுப்பாகி லட்சக்கணக்கானோரைத் தத்துவத்தின் பக்கம் இழுத்துவந்த நூல். அரிஸ்டாட்டிலை முடித்ததும் நடுவே சில பக்கங்களைத் தாண்டி ஃபிரான்சிஸ் பேக்கனிடம் போய்விடுவார் டுராண்ட். இடையிலிருந்த சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுச் சிந்தனை கிட்டத்தட்டக் காணாமல் போகும். மனிதர்களைக் கண்முன் நிறுத்துவதில் அவருக்கு இணையில்லை. ஆனால் அந்த மனிதர்கள் எதற்காக இராத்தூக்கம் கெட்டார்கள் என்பதைவிட எப்படி வாழ்ந்தார்கள் என்பதே நம் நினைவில் தங்குகிறது.

எளிமையாக இருக்கிறதா, பிழையில்லாமல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால் இப்படிப்பட்ட எழுத்தாளரை எடைபோட முடியாது. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சிக்கலை, சிக்கலாகவே, வாசகர் கையில் ஒப்படைத்தாரா? தத்துவத்தில் விடைகளைச் சுருக்கிச் சொல்வது சுலபம். கேள்வி ஏன் விடாமல் துரத்துகிறது என்பதை உணரவைப்பது கடினம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மகீ சில இடங்களில் மிக உயர்ந்தும் சில இடங்களில் சறுக்கியும் நிற்கிறார். எங்கே உயர்ந்தார், எங்கே சறுக்கினார் என்பதில் ஓர் ஒழுங்கும் தெரிகிறது.

மகீ பேராசிரியராக வாழ்ந்தவர் இல்லை. 1930இல் கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டனில், ஏழ்மைக்கும் திருட்டுக்கும் பெயர்போன பகுதியில், துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தார். கடைக்காரரான அப்பாவிடமிருந்து வந்தது இசைப் பித்து. உதவித்தொகையில் நல்ல பள்ளிக்கூடம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் வரலாறு, அதன் பின் ஒரே ஆண்டில் தத்துவம்-அரசியல்-பொருளாதாரம். தொலைக்காட்சியில் நிருபராக இருந்தார். 1974இல் லேபர் கட்சி சார்பில் லேட்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 1982இல் சோஷியல் டெமாக்ரடிக் கட்சிக்கு மாறி, 1983 தேர்தலில் தோற்றார். அயரையும் சோம்ஸ்கியையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்ட காலத்தில் அவர் தொகுதி மக்களின் மனுக்களையும் படித்துக்கொண்டிருந்த எம்.பி. இந்தப் பின்னணி முக்கியம். தன் பேச்சைக் கேட்பவருக்குத் துறைச் சொற்கள் தெரியும் என்று அவர் ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை. கேட்பவர் மூளையில்லாதவர் என்றும் எடுத்துக்கொண்டதில்லை. இரண்டாவது பண்பு இன்னும் அரிது.

1978 தொடரில் பதினைந்து உரையாடல்கள். ஐசையா பெர்லின், சார்ல்ஸ் டெய்லர், ஹெர்பர்ட் மார்க்யூஸ, குவைன், ஜான் சர்ல், ஹிலரி பட்னம், ஐரிஸ் மர்டாக் என்று அன்று வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் வரிசை. 1987இல் வந்த ‘தி கிரேட் ஃபிலாசஃபர்ஸ்’ தொடரில் இன்னொரு பதினைந்து. இந்த முறை பிளேட்டோவிலிருந்து விட்கென்ஸ்டைன் வரை இறந்துபோனவர்களைப் பற்றி, அவர்களை ஆழக் கற்ற அன்றைய அறிஞர்களோடு. இரண்டிலும் வடிவம் ஒன்றே. இருவர் பேச்சு, கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். கிரேக்கத் தூண்களின் படமோ நடிகர் வேடமிட்ட சாக்ரட்டீஸோ குறுக்கே வருவதில்லை.

அந்தப் பேச்சுக்குள் மகீ செய்யும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் அதன் அருமை புரியும். விருந்தினர் ஒரு கருத்தைச் சொல்கிறார். அதை மகீ தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார், பெரும்பாலும் மூலத்தைவிடத் தெளிவாக. நான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்கிறார். சரி என்று வந்ததும், சாதாரண மனிதர் ஒருவர் எழுப்பக்கூடிய, ஆனால் எழுப்பக் கூச்சப்படும் எதிர்ப்பை எடுத்து நடுவில் வைக்கிறார். நம் பழைய உரைகாரர்கள் தாமே ஒரு தடையை எழுப்பி, தாமே விடை சொல்லிக்கொண்டு போவார்கள். இங்கே தடை சொல்ல ஒருவர், விடை சொல்ல இன்னொருவர். விடை சொல்பவருக்கு முன்கூட்டியே எழுதிவைத்த வசனம் கிடையாது. ஆகவே அவர் யோசிப்பது முகத்தில் தெரிகிறது.

மார்க்யூஸோடு நடந்த உரையாடல் இதற்கு நல்ல சான்று. ஃபிராங்ஃபர்ட் சிந்தனைப் பள்ளியின் பெரியவர், அறுபதுகளின் மாணவர் கிளர்ச்சிகளுக்கு ஆதர்சமாக இருந்தவர், அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மகீ அரசியலில் அவருக்கு நேர் எதிர். மார்க்ஸியத்தை விமர்சித்த கார்ல் பாப்பரின் பக்கம் நிற்பவர். மார்க்ஸியம் முன்கூட்டிச் சொன்னவை இத்தனை பொய்த்த பிறகும் ஏன் அதை விடாமல் பிடித்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். பிறகு, அதே பள்ளியைச் சேர்ந்த அடோர்னோவைப் படிக்கவே முடியவில்லையே என்கிறார். மார்க்யூஸவும் தனக்கே அடோர்னோவின் பல இடங்கள் புரிவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். கடினமாக எழுதியதற்கு அடோர்னோவுக்கு இருந்த காரணத்தையும் உடனே விளக்குகிறார்: அன்றாட மொழியே ஆள்வோரின் பார்வையால் ஊறிப்போயிருக்கிறது, அதிலிருந்து விலகினால்தான் புதிதாகச் சிந்திக்க முடியும். அடோர்னோவைப் புரட்டிவிட்டுத் தன்னையே நொந்துகொண்ட எத்தனை மாணவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் ஆறுதலாக இருந்திருக்கும்! எதிர்ப்பு கடுமையாக இருந்ததால்தான் மார்க்யூஸ மேலும் நன்றாகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். நட்போடு தலையாட்டும் பேட்டியாளரிடம் அந்தப் பதில் வந்திருக்காது.

ஐரிஸ் மர்டாக்கிடம் கேட்டது வேறு மாதிரி. நாவலாசிரியராகவும் தத்துவ ஆசிரியராகவும் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர் அவர். அந்த 1978இலேயே ‘தி ஸீ, தி ஸீ’ நாவலுக்காக புக்கர் பரிசும் பெற்றார். அவரிடம் இரண்டு எழுத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுவிட்டு மகீ பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறார். எங்கே மோத வேண்டும், எங்கே வழிவிட வேண்டும் என்று தெரிந்த ஆள்.

இனி, எதிரே ஆள் இல்லாத மகீ.

1997இல் ‘ஒரு தத்துவவாதியின் ஒப்புதல்கள்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். மேற்கத்தியத் தத்துவத்துக்குள் நுழைய இதைவிடச் சூடான வாசல் சில புத்தகங்களில்தான் உண்டு. சிறுவயதில் தூங்கிப்போகும் அந்த ஒரு கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று படுக்கையில் விழித்துக் கிடந்தது, காலத்துக்குத் தொடக்கம் இருந்தாலும் சிக்கல், இல்லாவிட்டாலும் சிக்கல் என்று குழம்பியது, பிற்காலத்தில் கான்ட்டைப் படித்தபோது தன் சிறுவயதுக் குழப்பத்துக்கு அங்கே பெயரும் வடிவமும் இருப்பதைக் கண்டது, தன் முப்பதுகளின் இறுதியில் சாவைப் பற்றிய பயம் ஆளையே உலுக்கி எடுத்தது என்று எல்லாமே நெஞ்சிலிருந்து வருகிறது. தத்துவம் படிப்பறையில் பிறப்பதில்லை, வயிற்றைப் பிசையும் ஏதோ ஒன்றிலிருந்து பிறக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள் வாதமே இல்லாமல் காட்டிவிடுகின்றன.

அதே நூலில்தான் அவரது பெரிய சறுக்கலும் இருக்கிறது. ஐம்பதுகளின் ஆக்ஸ்ஃபோர்டில் கோலோச்சிய மொழிப் பகுப்பாய்வுத் தத்துவத்தின் மீது அவருக்குத் தீராத கோபம். உலகைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் சொற்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டு காலத்தைக் கழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம். ஆனால் பக்கம் பக்கமாக அந்தக் கோபம் திரும்பத் திரும்ப வருகிறது. எதிர்த்தரப்பின் சிறந்த வாதம் என்ன என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது. வாக்குறுதி கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, பெயர் சூட்டுவது போன்ற சொற்கள் செய்தி சொல்வதில்லை, செயலையே செய்கின்றன என்று ஜே.எல். ஆஸ்டின் காட்டியது சின்ன விஷயமா? பின்னாளில் சட்டத்திலும் மொழியியலிலும் அது எவ்வளவு தூரம் போயிற்று! மகீயின் தன்வரலாற்றை மட்டும் படித்தவர் ஆஸ்டினைத் திறக்கவே மாட்டார்.

வியப்பு என்னவென்றால், இதே பொருளில் 1978 தொடரில் பெர்னார்ட் வில்லியம்ஸோடு மகீ பேசியிருக்கிறார். அங்கே இந்தக் கோபம் எல்லை மீறவில்லை. அந்தக் காலத்து இளைஞர்களை அந்தத் தத்துவம் ஏன் அப்படி மயக்கியது, அது கற்றுக்கொடுத்த நேர்மையும் நுணுக்கமும் எவை, பிறகு எங்கே வறண்டுபோயிற்று என்று வில்லியம்ஸ் இரண்டு பக்கமும் சொல்கிறார். மகீயும் கேட்கிறார், கேட்க வைக்கிறார். அதே மனிதர், அதே வெறுப்பு, அதே பொருள். எதிரே ஒருவர் இருந்தார் என்பதுதான் வேறுபாடு.

ஷோப்பன்ஹவர் விஷயத்தில் இந்தக் கணக்கு சற்றுச் சிக்கலாகிறது. 1983இல் மகீ எழுதிய ‘ஷோப்பன்ஹவரின் தத்துவம்’ அவரது நூல்களில் ஆகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஆங்கில வாசகர்கள் அதற்கு முன் ஷோப்பன்ஹவரை அறிந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1945இல் வந்த பெர்ட்ரண்ட் ரஸலின் ‘மேற்கத்தியத் தத்துவ வரலாறு’ வீடுதோறும் இருந்த புத்தகம். அதில் ஷோப்பன்ஹவர் பகுதி, ஆசையைத் துறக்கச் சொன்னவர் நன்றாகச் சாப்பிட்டார், தையல்காரப் பெண்ணைத் தள்ளிவிட்டு வாழ்நாள் முழுக்க அவளுக்குப் பணம் கட்ட நேர்ந்தது என்று ஆளின் ஒழுக்கத்தில்தான் போய் நிற்கும். படிக்கச் சுவையானது. ஆனால் ஒருவர் சொன்னபடி வாழவில்லை என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமா?

மகீ வாதத்திலிருந்து தொடங்குகிறார். கேமரா ஒளியைப் பதிக்கும், வாசனையைப் பதிக்காது. அதனிடம் உள்ள கருவி எதுவோ அதற்கேற்றதுதான் அதில் விழும். நம் புலன்களும் மூளையும் அப்படித்தான் என்றால், உலகம் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பதும் நமக்கு எப்படித் தெரிகிறது என்பதும் ஒன்றாக இருக்க அவசியமில்லை. கான்ட்டின் இந்த அடிப்படையை வாசகர் ஜீரணித்த பிறகே ஷோப்பன்ஹவர் அடுத்து வைத்த அடி வருகிறது: அந்த மறுபக்கத்தைத் தொட ஒரே ஒரு இடம், நம் உடலுக்குள் நாம் உணரும் இச்சை. 1818இன் இறுதியில் வெளிவந்து பல பத்தாண்டுகள் யாரும் சீண்டாத ஷோப்பன்ஹவரின் நூல், 1854இல் வாக்னரின் கைக்குக் கிடைத்து அவரது இசையையே திருப்பிப்போட்டதுவரை மகீ தொடர்கிறார். விட்கென்ஸ்டைனுக்குள் ஷோப்பன்ஹவர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறார் என்று தேடும் பகுதி துறை அறிஞர்களுக்கும் பயன்பட்டது.

நம் வாசகர்களுக்கு இங்கே ஓர் இடம் கூடுதலாகப் பிடிக்கும். 1657இல் முகலாய இளவரசர் தாரா ஷிகோ உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தார். அந்தப் பாரசீகத்திலிருந்து ஆன்குவெட்டில் துபெரோன் லத்தீனில் பெயர்த்தது ‘ஊப்னெகத்’ என்ற பெயரில் 1801-02இல் வந்தது. ஷோப்பன்ஹவர் அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. இதைக் கண்டதும், ஆக அவர் சொன்னதெல்லாம் நம்முடையதுதான் என்று துள்ளுவது சுலபம். மகீ அந்த வலையில் விழுவதில்லை. கான்ட்டின் பாதையில் நடந்தே ஷோப்பன்ஹவர் தன் முடிவுகளுக்கு வந்தார், இந்திய நூல்களில் அதே போன்ற முடிவுகளைக் கண்டு பரவசமானார் என்று பிரித்துக் காட்டுகிறார். இரண்டு வெவ்வேறு வழிகள் ஓரிடத்தில் சந்திப்பது, ஒன்று இன்னொன்றைப் பார்த்து எழுதியது என்பதைவிடப் பெரிய புதிர் இல்லையா? அந்தப் புதிரை அவர் தீர்த்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

எதிரே ஆள் இல்லாமலே இந்த நூல் சரியாக வந்ததற்குக் காரணம் உண்டு. இதில் மகீ யாரையும் வீழ்த்தப் புறப்படவில்லை. தான் நேசிக்கும் ஒருவரை எதிர்ப்பாளர்களிடமிருந்து காப்பாற்றப் புறப்பட்டார். அதனால் எதிர்ப்பாளர்களின் வாதங்களை அவரே தேடித் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேசத்துக்கு விலையும் இல்லாமல் இல்லை. 1987 தொடரில் ஸ்பினோசாவும் லைப்னிட்ஸும் ஒரே நிகழ்ச்சியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஹெகலும் மார்க்ஸும் அப்படியே. ஷோப்பன்ஹவருக்கோ தனியாக முழு நிகழ்ச்சி. அதில் விருந்தினர் ஃபிரெடரிக் காப்பிள்ஸ்டன், பல தொகுதிகளில் தத்துவ வரலாறு எழுதிய ஏசு சபைப் பாதிரியார். ஆனாலும் பல இடங்களில் மகீயின் குரலே ஓங்கி நிற்கிறது. ஷோப்பன்ஹவருக்கு அது அநீதி இல்லை. ஹெகலைத் தேடி வந்த வாசகருக்கு அநீதி.

இன்னும் பெரிய குறை ஒன்று. இரண்டு தொடர்களிலும் சேர்த்து முப்பது உரையாடல்கள். அவற்றில் பெண்கள் இரண்டே பேர்: மர்டாக்கும், அரிஸ்டாட்டிலைப் பற்றிப் பேசிய மார்த்தா நுஸ்பாமும். பேசப்படும் தத்துவவாதிகளில் ஒரு பெண்கூட இல்லை. இந்திய, சீன, அரபுச் சிந்தனைக்கெனத் தனி நிகழ்ச்சியும் இல்லை. காலம் அப்படி என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் உபநிடதத்தைக் கொண்டாடிய ஒருவரைத் தன் வாழ்நாள் ஆசானாக ஏற்றவருக்கு அந்தச் சமாதானம் போதாது. 1978 தொடரின் புத்தக வடிவம் பிற்பாடு ‘டாக்கிங் ஃபிலாசஃபி’ என்று பெயர் மாறி வந்தது. உள்ளே இருந்தவர்கள் மாறவில்லை.

பாப்பரைப் பற்றி 1973இல் எழுதிய சிறுநூலும் இந்த இடத்தில் நினைவுக்கு வரும். ஆயிரம் வெள்ளை அன்னங்களைப் பார்த்தாலும் எல்லா அன்னமும் வெள்ளை என்று நிரூபணமாகாது, ஒரே ஒரு கறுப்பு அன்னம் போதும் அதைப் பொய்யாக்க என்ற பாப்பரின் அடிப்படையை இவ்வளவு சிக்கனமாக விளக்கிய நூல் குறைவு. பாப்பரின் விமர்சகர்களுக்கு அதில் இடமும் குறைவு. விமர்சனத்தைக் கொண்டாடிய பாப்பர் நேர்ப்பேச்சில் எவ்வளவு முரட்டுத்தனமாக வாதாடுவார், எதிராளி சரணடையும்வரை எப்படி விடமாட்டார் என்பதைத் தன்வரலாற்றில்தான் மகீ மனம்விட்டு எழுதினார்.

மகீயைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 1998இல் வந்த அவரது படங்கள் நிறைந்த ‘தத்துவத்தின் கதை’யை வாங்குகிறார்கள். பரிசளிக்க நல்ல புத்தகம். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். அயர், மார்க்யூஸ, வில்லியம்ஸ் உரையாடல்களை முதலில் பார்க்கலாம். பிறகு தன்வரலாறு, பிறகு ஷோப்பன்ஹவர். அதற்கும் பிறகு, பலர் கண்ணில் படாமலே போகும் ஒரு சிறிய புத்தகம் இருக்கிறது: 1995இல் வந்த ‘ஆன் பிளைண்ட்னஸ்’.

அது கடிதத் தொகுப்பு. மகீ ஒரு பக்கம், குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த மார்ட்டின் மில்லிகன் மறுபக்கம். மகீ தன் வழக்கமான இடத்திலிருந்து தொடங்குகிறார். பிறவியிலிருந்தே பார்வையில்லாதவருக்குப் பார்வை என்றால் என்னவென்று கற்பனைகூடச் செய்ய முடியாது. அதேபோல் நம் எல்லாருக்கும் எட்டாத, நாம் கற்பனைகூடச் செய்ய முடியாத உண்மைகள் இருக்கலாம். கான்ட்டை விளக்க இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மில்லிகன் அந்த உவமையின் அடிமரத்தையே பிடித்து உலுக்குகிறார். பார்வையுள்ளவர்கள் தங்களுக்கு மட்டும் கிடைத்ததாக நினைக்கும் செல்வத்தை மிகைப்படுத்துகிறார்கள், பார்வையில்லாதவர் உலகை அறியும் அளவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அவர் இழந்ததாக நீங்கள் சொல்வதில் பாதி உங்கள் கற்பனை என்று திருப்பி எழுதுகிறார். ‘பார்க்கிறேன்’, ‘தெரிகிறது’ போன்ற சொற்களைப் பார்வையில்லாதவர் எந்தப் பொருளில் ஆள்கிறார் என்று இருவரும் கடிதம் கடிதமாக மல்லுக்கட்டுகிறார்கள். சொற்களைப் பற்றிக் கேட்டுக் காலத்தைக் கழிக்கிறார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களைச் சாடிய அதே மகீ, இங்கே ஒரு சொல்லின் பொருளுக்காகப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். சில இடங்களில் எரிச்சல்படுகிறார், சில இடங்களில் தன் கூற்றைத் திருத்திச் சொல்கிறார், சில இடங்களில் விட்டுக்கொடுக்க மறுக்கிறார். 1993இல் மில்லிகன் இறந்துபோனார். கடிதங்களை அப்படியே, மில்லிகனின் மறுப்புகளோடு, மகீ அச்சுக்குக் கொடுத்தார்.